உறையவைத்த பல் மீண்டும் வேர்பிடிக்குமா?
மாற்று நடவுக்காகப் பற்களைக் காக்கும் முறைகள் குறித்து ஒரு மதிப்பீடு

பன்னிரண்டு வயதுச் சிறுமிக்குப் பல்வரிசை நெருக்கமாக இருக்கிறது. கிளிப் போட இடம் வேண்டும் என்று பல் மருத்துவர் நான்கு முன்கடைவாய்ப் பற்களை எடுத்துவிடுகிறார். சொத்தை கிடையாது, ஆட்டம் கிடையாது. வேர்கூட இன்னும் முழுதாக வளர்ந்து முடியாத இளம் பற்கள். அன்று மாலையே அவை மருத்துவக் கழிவோடு சேர்ந்துவிடுகின்றன. நான்கு ஆண்டு கழித்து அதே பெண் சைக்கிளிலிருந்து விழுந்து முன்பல்லை இழந்தால், அவளுடைய சொந்தப் பல்லே அந்த இடத்தில் நட உதவியிருக்கும். ஆனால் அது கையில் இல்லை.

அந்தப் பல்லை ஆண்டுக்கணக்கில் உயிரோடு காத்துவைக்க முடியுமா? டென்மார்க், பெல்ஜியம், ஜப்பான், கொரியா, தைவான் ஆகிய நாடுகளின் ஆய்வாளர்கள் இந்தக் கேள்வியோடு பல ஆண்டுகளாக மல்லுக்கட்டி வருகிறார்கள். பாலில் ஊறவைப்பது தொடங்கி, திரவ நைட்ரஜனில் உறையவைப்பது, காந்தப்புலத்தில் குளிர்விப்பது வரை பல முறைகள் முன்வைக்கப்பட்டிருக்கின்றன. இந்த முறைகள் அனைத்தையும் ஒரே உரைகல்லில் தேய்த்துப் பார்க்கலாம் என்பது என் கருத்து. பல்லின் வேரைப் போர்த்தியிருக்கும் மெல்லிய திசு உயிர் பிழைக்கிறதா என்பதே அந்த உரைகல். எனாமல் பளபளப்பாக இருப்பதாலோ, வேர் உடையாமல் இருப்பதாலோ ஒரு பல் காக்கப்பட்டதாகச் சொல்லிவிட முடியாது.

பல்லைத் தாங்கும் மெல்லிய திசு

பல் தாடை எலும்பில் நேரடியாகப் பதிந்திருப்பதில்லை. வேருக்கும் எலும்புக் குழியின் சுவருக்கும் நடுவே ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு திசு இருக்கிறது. பல்சூழ் இணைப்புத் திசு என்று அதைச் சொல்வார்கள். அதிலுள்ள கொலாஜன் நார்கள் ஒரு முனையில் வேரின் மேற்பூச்சான சிமென்டத்திலும் மறுமுனையில் எலும்பிலும் பதிந்து, தூளியைக் கயிறுகள் தாங்குவதுபோல் பல்லைத் தாங்குகின்றன. கடிக்கும் அழுத்தத்தை வாங்கிக்கொள்வது இந்தத் திசு. சோற்றில் கல் கடிபட்டதும் சட்டென்று தாடையை நிறுத்தவைப்பவையும் இதிலுள்ள நரம்புகள்தான்.

பல்லைப் பிடுங்கும்போது இந்தத் திசு கிழிகிறது. ஒரு பகுதி எலும்போடு தங்கிவிடுகிறது. மறுபகுதி வேரோடு ஒட்டி வெளியே வருகிறது. வேரில் ஒட்டிய செல்கள் உயிரோடு இருந்தால், பல்லை மீண்டும் குழியில் வைத்ததும் சில வாரங்களில் நார்கள் இணைந்துவிடும். செல்கள் செத்திருந்தால் கதை வேறு. பாதுகாப்புப் போர்வை இல்லாத வேரை உடல் எலும்பைப் போலவே நடத்துகிறது. எலும்பை அரிக்கும் செல்கள் வேரை அரிக்கின்றன; எலும்பைக் கட்டும் செல்கள் அந்த இடத்தில் எலும்பைக் கட்டுகின்றன. பல் தாடையோடு ஒட்டிப்போகிறது. மருத்துவர் கருவியின் பிடியால் தட்டிப் பார்த்தால், மற்றப் பற்கள் மந்தமாக ஒலிக்க இந்தப் பல் மட்டும் உலோகத்தைத் தட்டியதுபோல் கணீரென்று ஒலிக்கும். பெரியவர்களுக்கு இப்படிப்பட்ட பல் சில ஆண்டுகள் நிலைத்துப் பின் கரைந்துபோகும். வளரும் பிள்ளைகளுக்கோ தாடை வளர, ஒட்டிய பல் மட்டும் அப்படியே நின்று, பல்வரிசையில் குட்டையாகத் தெரியத் தொடங்கும்.

பல்லுக்குள் இருக்கும் பல்கூழ் இரண்டாவது உயிர்ப்பகுதி. அது செத்தால் வேர் சிகிச்சை செய்து பல்லைக் காப்பாற்றலாம். இணைப்புத் திசு செத்தால் அதற்கு ஈடாக ஏதும் செய்ய முடியாது. சேமிப்பு முறைகளை எடைபோடும்போது இந்த முன்னுரிமை மனதில் இருக்க வேண்டும்.

விலைக்கு வாங்கிய பற்கள்

பல் மாற்று நடவு 18-ஆம் நூற்றாண்டிலேயே லண்டனில் நாகரிகமாகிவிட்டது. அதற்கு அறிவியல் மதிப்பைத் தேடித் தந்தவர் அறுவை மருத்துவர் ஜான் ஹன்டர். மனிதப் பற்களைப் பற்றிய அவருடைய நூல் 1771-இல் வெளிவந்தது. சேவலின் கொண்டையில் மனிதப் பல்லை நட்டு அவர் செய்த சோதனை மருத்துவ வரலாற்றில் புகழ்பெற்றது. செல்வர்களின் வாயில் நடப்பட்ட பற்கள் ஏழைச் சிறுவர் சிறுமியரிடமிருந்து காசு கொடுத்துப் பிடுங்கப்பட்டவை. ஓவியர் தாமஸ் ரௌலண்ட்சன் 1787-இல் வரைந்த கேலிச்சித்திரம் அந்தக் கொடுமையைக் காட்டுகிறது. புகைபோக்கி துடைக்கும் சிறுவன் ஒருவனின் பல் ஒரு சீமாட்டிக்காகப் பிடுங்கப்படுகிறது. பல்லை இழந்த பிள்ளைகள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வாசல்வழியே வெளியேறுகிறார்கள்.

இந்தப் பற்கள் நிலைக்கவில்லை. சிபிலிஸ் போன்ற நோய்களும் அவற்றோடு பரவியதாகக் குற்றச்சாட்டுகள் எழுந்தன. பிறர் பல்லை உடல் அந்நியப் பொருளாகவே பார்க்கிறது என்பது பின்னாளில் தெளிவானது. இருபதாம் நூற்றாண்டில் டென்மார்க்கின் ஷ்வார்ட்ஸும் அவருடைய சகாக்களும் 28 ஆண்டுகளில் நடப்பட்ட 73 பிறர் பற்களைத் தொகுத்து ஆராய்ந்தார்கள். அத்தகைய பற்களின் பெருஞ்சிக்கல் வேர் படிப்படியாகக் கரைவதே. அதனால் இன்று பல் மாற்று நடவு என்றால் பெரும்பாலும் ஒருவருடைய பல்லை அவருக்கே வேறோர் இடத்தில் நடுவதுதான். நார்வேயின் ஸ்லாக்ஸ்வால்டும் பியர்க்கேயும் 1974-இல் வேர் முற்றாத முன்கடைவாய்ப் பற்களை நட்டுப் பெற்ற வெற்றியை வெளியிட்டார்கள். டென்மார்க்கின் ஆண்ட்ரியாசன் குழு 370 பற்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 1990-இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறைக்கு அடித்தளமாக அமைந்தது. வேரின் நீளம் மூன்றில் இரண்டு பங்கு அல்லது நான்கில் மூன்று பங்கு வளர்ந்த நிலையில், நுனி இன்னும் அகலத் திறந்திருக்கும்போது நடுவதே உகந்தது என்பது இப்போது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து.

இவையெல்லாம் எடுத்த கையோடு நட்ட பற்கள். எடுக்கும் நாளும் தேவைப்படும் நாளும் ஒன்றாக அமைவது அரிது. அந்த இடைவெளிதான் சேமிப்பு என்ற சிக்கலைக் கொண்டுவருகிறது.

முதல் ஒரு மணி நேரம்

நீண்டகாலச் சேமிப்பைப் பேசுவதற்கு முன் குறுகியகாலச் சேமிப்பைப் பார்க்க வேண்டும். செல் எதனால் சாகிறது என்ற பாடம் அங்கேதான் தெளிவாகக் கிடைக்கிறது. ஆண்ட்ரியாசனும் யூர்ட்டிங்-ஹான்சனும் 1966-இல் வெளியிட்ட ஆய்வில், விழுந்த 30 நிமிடத்துக்குள் திரும்ப வைக்கப்பட்ட பற்களில் சுமார் 90 விழுக்காட்டில் வேர் கரையவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே கிடந்த பற்களில் ஏறக்குறைய அனைத்தும் கரைந்தன. காய்ந்துபோவதுதான் முதல் எதிரி. வெறுங்காற்றில் அரை மணி நேரம் கிடந்தாலே பெரும்பாலான செல்கள் செத்துவிடுகின்றன என்பது இன்றைய வழிகாட்டுதல்களின் கணக்கு.

இரண்டாவது எதிரி பொருந்தாத நீர்மம். நம் செல்களுக்கு உகந்த உப்புச் செறிவு லிட்டருக்கு ஏறத்தாழ 290 மில்லியாஸ்மால். குழாய்த் தண்ணீரில் உப்பு மிகக் குறைவு என்பதால், அதில் போட்ட செல்கள் நீரை உறிஞ்சி உப்பி வெடிக்கின்றன. உமிழ்நீரிலும் செறிவு குறைவு; போதாக்குறைக்குக் கிருமிகள் வேறு. கொஞ்ச நேரத்துக்கு மட்டுமே அது தாங்கும். சலைன் செறிவில் பொருந்துகிறது, ஆனால் கால்சியம், மக்னீசியம், குளுக்கோஸ் போன்ற ஊட்டம் அதில் இல்லை.

பால் இந்த வரிசையில் தனித்து நிற்கிறது. அதன் செறிவு செல்லின் செறிவுக்கு நெருக்கமானது; அமில காரத்தன்மை நடுநிலையை ஒட்டியது; காய்ச்சிப் பதப்படுத்திய பாலில் கிருமிகளும் குறைவு. ஸ்வீடனின் ப்ளோம்லோஃப் 1980-களின் தொடக்கத்தில் செய்த ஆய்வுகள் பாலுக்கு இந்த இடத்தைப் பெற்றுத் தந்தன. குளிர்ந்த பாலில் சில மணி நேரம் வரை செல்கள் பிழைக்கின்றன. ஹாங்க்ஸ் சமநிலை உப்புக்கரைசல் குளுக்கோஸும் தேவையான உப்புகளும் கலந்த ஆய்வகக் கரைசல். ஒரு நாள் வரைகூடத் தாங்கும். உறுப்பு மாற்றுக்கு ஈரல், சிறுநீரகம் போன்றவற்றைக் குளிரில் காக்க உருவான விஸ்கான்சின் பல்கலைக்கழகக் கரைசலும் பற்களில் சோதிக்கப்பட்டு நல்ல பலன் காட்டியது. விலையும் கிடைப்பதிலுள்ள சிரமமும் அதைப் பொதுப்பயன்பாட்டுக்கு வரவிடவில்லை.

தமிழ்நாட்டுக்கும் இந்த ஆய்வில் பங்கு உண்டு. சென்னையைச் சேர்ந்த கோபிகிருஷ்ணாவும் சகாக்களும் 2008-இல் இளநீரைச் சோதித்தார்கள். பால், ஹாங்க்ஸ் கரைசல், தேன்பிசின் ஆகியவற்றைவிட இளநீரில் அதிகச் செல்கள் உயிரோடு இருந்ததாக அவர்கள் கண்டார்கள். பிறகு வேறிடங்களில் நடந்த சில சோதனைகள் அதற்கு மாறாக, இளநீர் பாலுக்கு ஈடாகவில்லை என்றன. இளநீரின் அமிலத்தன்மை இதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. காய்க்குக் காய் அதன் தன்மை மாறுவதும் ஒப்பீட்டைக் கடினமாக்குகிறது. ஆகவே இளநீரை மேலும் ஆராய வேண்டியிருக்கிறது. இப்போதைக்கு முதலிடம் பாலுக்குத்தான்.

எந்த நீர்மமும் செல்லின் இயக்கத்தை நிறுத்துவதில்லை. உயிரோடு இருக்கும் செல் உணவைச் செலவழித்துக்கொண்டேதான் இருக்கும். நாள்கள், மாதங்கள், ஆண்டுகள் என்று காலம் நீண்டால் அந்த இயக்கத்தையே நிறுத்தியாக வேண்டும். அதற்குக் குளிர் தேவை.

குளிர் எப்படிக் கொல்கிறது

வீட்டு ஃப்ரீசரில் போட்டால் பல் கெடாமல் இருக்கும் என்று தோன்றலாம். பல் கெடாது, செல்கள் செத்துவிடும். தண்ணீர் உறையும்போது அதன் பருமன் ஏறத்தாழ 9 விழுக்காடு கூடுகிறது. செல்லுக்குள் உருவாகும் பனிப்படிகங்கள் சவ்வுகளைக் கிழிக்கின்றன. செல்லுக்கு வெளியே உருவாகும் படிகங்களும் ஆபத்தானவைதான். தூய நீர் மட்டும் பனியாகப் பிரிந்துவிடுவதால் மிச்சமுள்ள நீரில் உப்பு செறிகிறது. அந்த உப்பு செல்லிலுள்ள நீரை வெளியே இழுத்து, அதைச் சுருக்கிச் சிதைக்கிறது.

அமெரிக்க அறிவியலாளர் பீட்டர் மேஸர் 1972-இல் சகாக்களோடு இந்த இரு வகைச் சேதத்தையும் இணைத்து விளக்கினார். மிக வேகமாகக் குளிர்வித்தால் நீர் வெளியேற நேரமின்றிச் செல்லுக்குள்ளேயே உறைகிறது. மிக மெதுவாகக் குளிர்வித்தால் செல் நெடுநேரம் செறிந்த உப்பில் கிடந்து சாகிறது. இரண்டுக்கும் நடுவே ஒவ்வொரு செல்வகைக்கும் ஓர் உகந்த வேகம் உண்டு. மனிதத் திசுக்கள் பலவற்றுக்கு அது நிமிடத்துக்கு ஒரு டிகிரியை ஒட்டி அமைகிறது.

வேகம் மட்டும் போதாது. காப்புப் பொருளும் வேண்டும். போல்ஜ், ஸ்மித், பார்க்ஸ் ஆகிய மூன்று பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் 1949-இல் கிளிசரால் கலந்தால் விந்தணுக்கள் உறைந்தும் பிழைப்பதைக் கண்டார்கள். 1959-இல் லவ்லாக்கும் பிஷப்பும் டைமெத்தில் சல்பாக்சைடு இன்னும் எளிதாகச் செல்லுக்குள் ஊடுருவிக் காப்பதை அறிவித்தார்கள். இந்தப் பொருள் நீரோடு கலந்து, பனிப்படிகம் உருவாவதைக் குறைத்து, உப்பு செறிவதையும் மட்டுப்படுத்துகிறது. ஆனால் வெதுவெதுப்பான நிலையில் இதுவே செல்லுக்கு நஞ்சு. எனவே குளிர்ந்த நிலையில், அளவோடு சேர்க்க வேண்டும்.

பல்லை உறையவைக்கும் படிகள்

பல் உறைபதனத்தில் முதல் சவால் அறுவை நாற்காலியிலேயே தொடங்குகிறது. பல்லை மெல்ல அசைத்து, கருவியின் நுனி வேரில் படாமல், தலைப்பகுதியை மட்டும் பிடித்து எடுக்க வேண்டும். இடுக்கி உரசிய இடத்தில் இணைப்புத் திசு நசுங்கிவிடும்; பின்னால் எவ்வளவு நுட்பமாக உறையவைத்தாலும் அந்த இடம் மீளாது. எடுத்த பல் காற்றில் காயாமல் உடனே ஊட்டக் கரைசலுக்குப் போகிறது. அங்கே கிருமிநீக்க மருந்து கலந்து அலசப்படுகிறது.

அடுத்து, 4 டிகிரியை ஒட்டிய குளிரில், பொதுவாக 10 விழுக்காடு டைமெத்தில் சல்பாக்சைடு கலந்த கரைசலில் பல் வைக்கப்படுகிறது. காப்புப் பொருள் திசுவுக்குள் பரவ நேரம் தேவை. பிறகு கணினி கட்டுப்படுத்தும் உறைகலன் நிமிடத்துக்கு அரை அல்லது ஒரு டிகிரி வீதம் வெப்பத்தைக் குறைக்கிறது. போதிய அளவு குளிர்ந்ததும் பல் திரவ நைட்ரஜனுக்கு, அதாவது மைனஸ் 196 டிகிரிக்கு, மாற்றப்படுகிறது. வெளியே எடுக்கும்போது நேர்மாறான விதி: வேகமாக உருக்க வேண்டும். 37 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் அமிழ்த்துவது வழக்கம். மெதுவாக உருகினால் சிறு படிகங்கள் சேர்ந்து பெரிதாகி, உறையும்போது தப்பிய செல்லை உருகும்போது கொன்றுவிடும். கடைசியாகக் காப்புப் பொருளைப் படிப்படியாகக் கழுவ வேண்டும். ஒரேயடியாகத் தூய கரைசலில் போட்டால் செல் உப்பி வெடிக்கும்.

இந்தப் படிகள் ஒவ்வொன்றுக்கும் பின்னே சோதனைகள் இருக்கின்றன. ஷ்வார்ட்ஸும் ஆண்ட்ரியாசனும் 1980-களில் குரங்குகளின் பற்களை உறையவைத்து மீண்டும் நட்டு, காப்புப் பொருள், உறையும் வேகம், ஊறும் நேரம், வேர் சிகிச்சை என்று ஒவ்வொரு கூறையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். 1986-இல் ஷ்வார்ட்ஸும் ரேங்கும் பல்சீரமைப்பின்போது உறையவைத்த பல்லை அதே நோயாளிக்கு நட்டதைப் பதிவுசெய்தார்கள். பெல்ஜியத்தின் கென்ட் நகரிலும் கொரியாவிலும் 2000-க்குப் பிந்தைய ஆண்டுகளில் மனிதப் பற்களின் இணைப்புத் திசுச் செல்களை உறையவைத்து எழுப்பி வளர்த்தார்கள். சியோவும் சகாக்களும் 2005-இல் வெளியிட்ட ஆய்வு முக்கியமானது. உறைந்த திசுவிலிருந்து கிடைத்த ஸ்டெம் செல்களின் எண்ணிக்கை குறைந்தாலும், சிமென்டமும் இணைப்புத் திசுவும் உருவாக்கும் திறன் அவற்றிடம் எஞ்சியிருந்தது.

ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் செய்தி இது: கட்டுப்படுத்திய மெதுவான குளிர்விப்பு, சரியான காப்புப் பொருள், வேகமான உருக்கல் ஆகிய மூன்றும் சேர்ந்தால் இணைப்புத் திசு பெருமளவு பிழைக்கிறது. ஏதேனும் ஒன்று தவறினாலும் பல் வெறும் கனிமத் துண்டாகத்தான் வெளியே வரும்.

காந்தப்புலமும் ஹிரோஷிமா வங்கியும்

ஜப்பானின் ஹிரோஷிமா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பல்சீரமைப்பு ஆய்வாளர்கள் வேறொரு பாதையில் போனார்கள். உணவை உறையவைக்க உருவான காந்தப்புல உறைகலனைப் பல்லுக்குப் பயன்படுத்தினார்கள். அதிர்வுறும் காந்தப்புலம் நீர் மூலக்கூறுகள் திரண்டு படிகமாவதைத் தடுக்கிறது என்பது அந்தக் கருவியைச் செய்தவர்களின் விளக்கம். ககுவும் சகாக்களும் பல நிலைகளை ஒப்பிட்டு, 0.01 மில்லிடெஸ்லா காந்தப்புலம், மைனஸ் 5 டிகிரியில் 15 நிமிட இடைநிறுத்தம், பிறகு நிமிடத்துக்கு அரை டிகிரி வீதம் மைனஸ் 30 வரை குளிர்விப்பு, இறுதியில் மைனஸ் 150 டிகிரியில் சேமிப்பு என்ற வரிசையே அதிகச் செல்களைக் காப்பதாக அறிவித்தார்கள். இந்த ஆய்வையொட்டி 2004-இல் ஹிரோஷிமாவில் பல் வங்கி ஒன்று தொடங்கியது. பின்னர் தைவானின் தைபே மருத்துவப் பல்கலைக்கழகமும் இதே வழியில் பல் வங்கி அமைத்தது.

முடிவுகள் நம்பிக்கை தருகின்றன; விளக்கம்தான் கேள்விக்குரியது. பூமியின் இயல்பான காந்தப்புலமே 0.025 முதல் 0.065 மில்லிடெஸ்லா வரை இருக்கிறது. அதைவிட வலுக்குறைந்த ஒரு புலம் நீர் உறைவதை எப்படி மாற்றும்? உறைபதன அறிவியலாளர் பிரையன் வவ்க் 2012-இல் இந்த ஐயத்தை வெளிப்படையாக எழுப்பினார். உணவுத்துறையில் காந்தத்தை இயக்கியும் நிறுத்தியும் செய்த ஒப்பீடுகளிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. மைனஸ் 5 டிகிரியில் நிறுத்திவைப்பதும், மெதுவான சீரான குளிர்விப்பும், காப்புப் பொருளும் தம்மளவிலேயே பயனுள்ளவை. வெற்றிக்குக் காரணம் அவைதாமா, காந்தமா என்பதைச் சார்பற்ற ஆய்வகங்கள் பிரித்துக் காட்டும்வரை, காந்தப்புலத்தைத் தவிர்க்க முடியாத தேவையாகக் கொள்ளக் கூடாது.

குளிர் எட்டாத பல்கூழ்

வேரின் வெளிப்புறத் திசு மெல்லியது. காப்புப் பொருள் அதில் விரைவாகப் பரவிவிடும். பல்கூழின் நிலை வேறு. அது டென்டின் சுவருக்குள் பூட்டப்பட்டிருக்கிறது. வேர் முற்றிய பல்லில் நுனித் துளை மிகக் குறுகலானது. அவ்வழியே போதிய காப்புப் பொருள் நுழைவதில்லை. உள்ளேயிருக்கும் நீர் காப்பின்றி உறைந்து கூழைச் சிதைக்கிறது.

இதற்கு மூன்று விடைகள் உள்ளன. நுனி அகலத் திறந்த இளம் பற்களைத் தேர்ந்தெடுப்பது முதல் வழி. இரண்டாவது, லேசர் கொண்டு பல்லில் நுண்ணிய துளைகள் இட்டு, காப்புப் பொருள் உள்ளே செல்ல வழி செய்வது. இத்தாலிய ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்ட இந்த முறை ஸ்டெம் செல் எடுப்பதற்கு ஏற்றது. நடப்போகும் பல்லுக்குத் துளையிடுவது வேறு சிக்கல்களைத் தரும். மூன்றாவது, உறையவைக்கும் முன்பே கூழை எடுத்துவிடுவது. கென்ட் ஆய்வாளர் லாரைஸும் சகாக்களும் நாய்களில் செய்த சோதனையில், செத்த கூழ் உள்ளே கிடப்பதைவிட வெற்றிடம் மேலானது என்று தெரிந்தது. சுத்தமான வெற்றிடத்துக்குள் நுனி வழியே புதிய இரத்தக் குழாய்களும் திசுவும் வளர முடிகிறது. நடைமுறையில் வேர் முற்றிய பல்லை நட்டால் சில வாரங்களுக்குள் வேர் சிகிச்சை செய்துவிடுவதே பாதுகாப்பானது.

விரிசலும் கிடங்கும்

எனாமலில் எடையில் ஏறத்தாழ 96 விழுக்காடு கனிமம். டென்டினில் சுமார் 70. வெப்பம் மாறும்போது இரண்டும் வெவ்வேறு அளவில் சுருங்கி விரிகின்றன. பல்லை நேரடியாகத் திரவ நைட்ரஜனில் முக்கினால் இந்த இழுபறியில் நுண்விரிசல்கள் விழும் அபாயம் உண்டு. உள்ளே உறையும் நீரின் விரிவும் அதைக் கூட்டும். படிப்படியாகக் குளிர்விப்பது செல்லைக் காப்பதோடு பல்லின் உடலையும் காக்கிறது.

சேமிப்பு வெப்பநிலையும் கவனத்துக்குரியது. மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசர் பல ஆய்வகங்களில் கிடைக்கும். ஆனால் ஏறத்தாழ மைனஸ் 130 டிகிரிக்குக் கீழே போனால்தான் மூலக்கூறுகளின் நகர்வு நடைமுறையில் நின்று, படிகங்கள் வளர்வதும் நிற்கிறது. அதற்கு மேலான வெப்பத்தில் சேதம் மெதுவாகத் தொடரும். ஆண்டுக்கணக்கில் வைக்க வேண்டுமானால் திரவ நைட்ரஜனோ அதன் ஆவியோதான் தகும்.

தொற்று இன்னொரு கவலை. லண்டனில் உறைபதனக் கலன் ஒன்றில் கசிந்த மாதிரியிலிருந்து ஹெபடைட்டிஸ் பி வைரஸ் மற்ற மாதிரிகளுக்குப் பரவியது 1995-இல் வெளிப்பட்டது. அவை பற்கள் அல்ல, எலும்பு மச்சை மாதிரிகள். ஆனாலும் பாடம் பல் வங்கிக்கும் பொருந்தும். கொடுப்பவரின் இரத்தப் பரிசோதனை, இரட்டை உறை, நைட்ரஜன் ஆவியில் சேமிப்பு, மின்தடையிலும் தொடரும் கண்காணிப்பு ஆகியவை இல்லாத இடத்தில் பல்லை ஒப்படைக்கக் கூடாது.

இரு வேறு வங்கிகள்

இன்று பெற்றோர்களிடம் பேசப்படும் பால்பல் வங்கி வேறு. மாற்று நடவுக்கான பல் வங்கி வேறு. முதலாவது பல்லிலிருந்து ஸ்டெம் செல்களைப் பிரித்து வைப்பது. பல்கூழ் ஸ்டெம் செல்கள் 2000-இலும், பால்பல்லின் ஸ்டெம் செல்கள் 2003-இலும் அறிவிக்கப்பட்டபின் இந்த வணிகம் பல நாடுகளில் வளர்ந்தது, இந்தியாவிலும் நடக்கிறது. அங்கே முழுப் பல்லும் தேவையில்லை. சில செல்கள் பிழைத்தால் அவற்றை வளர்த்துப் பெருக்கலாம். மாற்று நடவுக்கோ வேரின் முழுப் பரப்பிலும் திசு பிழைக்க வேண்டும். ஓரிடத்தில் திட்டாகச் செத்தாலும் அங்கே எலும்பு ஒட்டும். இரண்டாவதன் அளவுகோல் மிகக் கடினமானது. முதலாவதன் ஆய்வு முடிவுகளைக் காட்டி இரண்டாவதை விற்பது தவறு.

ஆண்டுதோறும் கட்டணம் செலுத்தி வைக்கப்படும் பல்லுக்கு, அதே பிள்ளைக்குத் தேவை எப்போது வரும், வரும்போது தாடையில் இடம் இருக்குமா, பல்லின் அளவு பொருந்துமா என்ற கேள்விகளும் உண்டு. இவற்றை நேர்மையாகச் சொல்லாமல் பெற்றோரின் பாசத்தைப் பணமாக்குவது மருத்துவ நெறிக்கு அடுக்காது.

தீர்ப்பு

சான்றுகளைத் தொகுத்தால் நான்கு முடிவுகளுக்கு வரலாம். ஒன்று, ஒருவருடைய சொந்தப் பல்லை, வேர் முற்றாத பருவத்தில், காலதாமதமின்றி நடுவதே இன்றும் சிறந்த வழி. எந்தச் சேமிப்பும் அதற்கு ஈடல்ல. இரண்டு, காப்புப் பொருளோடு மெதுவாகக் குளிர்வித்து நைட்ரஜனில் காத்த பல் மீண்டும் வேர்பிடிக்க முடியும் என்பதற்கு ஆய்வகத்திலும் விலங்குகளிலும் வலுவான ஆதாரம் உண்டு. மனிதர்களில் பதிவானவை பெரும்பாலும் தனிநேர்வுகளும் சிறு தொகுப்புகளும்தான். மூன்று, வீட்டு ஃப்ரீசரிலோ காப்புப் பொருளின்றியோ உறையவைத்த பல் மாற்று நடவுக்கு உதவாது. நான்கு, காந்தப்புல முறை இன்னும் சார்பற்ற மெய்ப்பிப்பை எதிர்பார்த்து நிற்கிறது.

பல் வங்கி பற்றிய கனவு நனவாக, அரசு மருத்துவக் கல்லூரிகள் போன்ற பொது நிறுவனங்கள் நடத்தும் நீண்டகாலப் பின்தொடர்வு ஆய்வுகள் தேவை. நட்ட பல் ஐந்தாம் ஆண்டிலும் பத்தாம் ஆண்டிலும் எப்படி இருக்கிறது என்று எக்ஸ்ரேயோடு பதிவுசெய்து, தோல்விகளையும் மறைக்காமல் வெளியிட வேண்டும். அப்போதுதான் பெற்றோரிடம் உறுதியாக ஒரு வார்த்தை சொல்ல முடியும்.

அதுவரை, உறுதியாகத் தெரிந்ததையாவது நடைமுறைப்படுத்துவோம். பிள்ளையின் நிலைத்த பல் அடிபட்டு விழுந்தால் வேரைத் தொடாமல் தலைப்பகுதியைப் பிடித்து எடுங்கள். அழுக்கு இருந்தால் பாலிலோ சலைனிலோ மெல்ல அலசுங்கள், தேய்க்காதீர்கள். முடிந்தால் அங்கேயே குழிக்குள் திரும்ப வைத்து, ஒரு துணியைக் கடிக்கச் செய்யுங்கள். முடியாவிட்டால் குளிர்ந்த பாலில் போட்டு, ஒரு மணி நேரத்துக்குள் பல் மருத்துவரிடம் ஓடுங்கள். பால்பல் விழுந்தால் திரும்ப வைக்கக் கூடாது. இந்த நான்கைந்து வரிகளை ஒவ்வொரு பள்ளியின் விளையாட்டு ஆசிரியர் அறையிலும் எழுதி ஒட்டுங்கள். எத்தனையோ பிள்ளைகளின் பற்களைக் காப்பாற்ற இன்றைக்கே நம் கையில் இருக்கும் வழி அதுதான்.